ஈரல் பாசி

மத்தியானச் சங்கு ஊதி அடங்கியதும் மற்றப் பெண்கள் எடைக் கொட்டகை நிழலில் தூக்குவாளியைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். முப்பிடாதி மட்டும் ஓடைச் சரிவில் இறங்கினாள். இறங்கினாள் என்று சொல்லுகிறது சும்மா ஒரு பேச்சுக்கு. முட்டி இறங்கவிட்டால்தானே. தேயிலைத் தூரைப் பிடித்துப் பிடித்துத் தன்னைத்தானே ஒரு மூட்டை மாதிரி இறக்கிக்கொண்டு போனாள். எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால் ஒதுங்கப் போகிறேன் என்று சொல்ல நாக்கில் தயாராக வைத்திருந்தாள். ஒருத்தியும் கேட்கவில்லை. புருஷன் படுக்கையில் கிடக்கிறவளிடம் எங்கே எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. எங்கே போனாலும் அந்த மனுஷனுக்காகத்தான் போவாள் என்று விட்டுவிடுகிறார்கள். அதுவும் சரிதான். அந்த மனுஷனுக்காகத்தான் போகிறாள். மடியில் கத்தி இருக்கிறது. வெங்காயம் அரிகிற சின்னக் கத்தி, பழந்துணியில் சுற்றி. எட்டு வைக்கும்போதெல்லாம் அது அடிவயிற்றில் இடித்தது, உள்ளே பிள்ளை உதைக்கிற மாதிரி. சீ, என்ன நினைப்பு இது, பிள்ளையாம் பிள்ளை, பெத்த ஒண்ணும் திருப்பூரில் பனியன் தைத்துக்கொண்டு மாசத்துக்கொரு தரம் போனில் அப்பாவுக்கு எப்படி இருக்கு என்று கேட்கிறது, இவளும் இருக்காரு என்கிறாள், அதற்குமேல் ரெண்டு பக்கமும் பேச்சு ஓடுவதில்லை. இருக்காரு. அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது வாய் எவ்வளவு கவனமாக இருக்கிறது, எண்ணெய்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி. கொஞ்சம் போலத்தான் எடுக்கப் போகிறாள். நகத்தில் சுரண்டினால் வருகிற அளவு. அதைச் சுரண்டக் கத்தி எதற்கு என்று ஒரு கேள்வி வந்தது. வந்தால் வரட்டும், எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் மத்தியானம் போய்விடும்.

பாறைக்கு எதிரே ஒரு கல் உண்டு. அதில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் உடம்பு அப்பாடா என்றது, இனி எழுந்திருக்க மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னது. எதிரே வழுக்குப் பாறை. முன்னெல்லாம் இந்தப் பாறை முழுக்க அதுதான். கரும்பச்சையாய், தட்டைத் தட்டையாய், ஓரமெல்லாம் மடிந்து மடிந்து, ஒன்றின்மேல் ஒன்று படர்ந்து, ஆட்டு ஈரலைக் கழுவிப் பரப்பி வைத்த மாதிரி. அப்போது அது யார் கண்ணிலும் படவில்லை. கால் வழுக்கி விழுந்தால் நாசமாப் போற பாசி என்று திட்டிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான் அதற்குக் கிடைத்த மரியாதை. இப்போது மேலே ஒரு கல் நெற்றி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில், அந்த நிழலுக்குள், தண்ணி இன்னும் சொட்டுகிற ஒரே வெடிப்புக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்ற இடமெல்லாம் காய்ந்து, பொருக்கு விட்டு, சொறி பிடித்த முதுகு மாதிரி. அவருக்கும் முதுகெல்லாம் அப்படித்தான். அரிக்கிறது அரிக்கிறது என்று சுவரில் தேய்க்கிறார், மாடு மரத்தில் தேய்க்கிற மாதிரி, சுவர்ச் சுண்ணாம்பெல்லாம் அவர் முதுகில், அவர் தோலெல்லாம் சுவரில். ஈரல் கெட்டால் அரிக்கும் என்று டாக்டர் சொன்னார். ஈரல் கெட்டால் கண் மஞ்சளாகும், கால் வீங்கும், வயிற்றில் தண்ணி கோர்க்கும். ஒரு மனுஷனுக்குள் இத்தனை வேலையை அது ஒண்டியாகச் செய்துகொண்டிருந்தது என்று கெட்ட பிறகுதான் தெரிகிறது. பாவம், அதற்கும் களைப்பு இருந்திருக்கும்.

பாசி மேடம் வந்ததிலிருந்துதான் எல்லாம். அந்தப் பெண்ணுக்குப் பிரமிளா என்று பேர். எந்தக் காலேஜிலோ வாத்தியாராம். பாறையில் முகத்தை ஒட்ட வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை பாசியைப் பார்ப்பதால் தோட்டத்து லைன் வீடுகள் முழுக்கப் பாசி மேடம் என்றுதான் சொன்னார்கள். அதுவும் அந்தப் பேரைக் கேட்டுச் சிரிக்கும், கோபமே வராது. முப்பிடாதி கொழுந்து எடுக்கிற நிரை இந்த ஓடையை ஒட்டி இருந்ததால் இவளிடம்தான் பேச்சு. அக்கா அக்கா என்று கூப்பிட்டு ஒருநாள் ஒரு சின்னப் பூதக்கண்ணாடியை இவள் கண்ணில் வைத்துப் பார்க்கச் சொன்னது. அம்மாடி. பாசி என்று நினைத்தால் அது தோல். குளிர் அடித்தால் கையில் மயிர்க்கால் குத்திட்டு நிற்குமே, அப்படிப் புள்ளி புள்ளியாய். நடுநடுவே குட்டிக் குட்டிக் கிண்ணம், கிண்ணத்துக்குள் பச்சை அரிசி மாதிரி என்னவோ. மழைத்துளி விழுந்தால் அந்த அரிசி தெறித்து, விழுந்த இடத்தில் முளைக்குமாம். இவளுக்கு ஏனோ கண்ணை எடுக்க வெட்கமாக இருந்தது, யாரோ குளிக்கிறதை எட்டிப் பார்க்கிற மாதிரி. இது இந்த மலையில வேற எங்கயும் நான் பாக்கலக்கா, தேடாத ஓடை இல்ல, இந்த ஒரு பாறையிலதான் இருக்கு என்றது அந்தப் பெண். பேர் என்ன கண்ணு என்று கேட்டதற்கு வாயில் நுழையாத ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு, தமிழ்ல சொன்னா ஈரல் பாசின்னு சொல்லலாம்க்கா என்றது. இவள் காதில் ஈரப்பாசி என்றுதான் விழுந்தது. ஈரத்தில் இருக்கிற பாசி ஈரப்பாசி, அதற்கென்ன, சரிதானே. வீட்டில் போய் ஈரப்பாசியாம் என்று சொன்னாள், அவரும் ம் என்றார். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அப்படியே விட்டிருக்கலாம். அந்த ஒரு 'ல்' வந்து விழாமல் இருந்திருந்தால் இந்தப் பாறை பாட்டுக்கு இருந்திருக்கும்.

அந்த 'ல்' பலகையில் வந்தது. மேலே சோலையை வெட்டிக் காட்டேஜுக்கு ரோடு போட்டார்கள் அல்லவா, மண்வாரி மிஷின் வந்து மரத்தைத் தள்ளின கையோடு மண்ணையும் கல்லையும் சரிவில் உருட்டி விட்டதில் ஓடைத் தண்ணி வேறு பக்கம் திரும்பிவிட்டது. அதுவரை வெயிலையே பார்க்காத பாறைக்குப் பத்து மணிக்கெல்லாம் வெயில் வந்தது. பாசி ஓரம் ஓரமாய்ச் சுருண்டு கறுத்தது. மேடம் வந்து பார்த்துவிட்டு அந்தக் கல்லில், இதே கல்லில், தலையில் கை வைத்து உட்கார்ந்தது. பிறகு எங்கெங்கோ அலைந்து அனுமதி வாங்கி ஒரு தகரப் பலகை அடித்துக்கொண்டு வந்து நட்டது. ஈரல் பாசி, அழிந்துவரும் அரிய தாவரம், தொடாதீர்கள் என்று. பச்சையில் எழுதி, கீழே பாசி படம் போட்டு, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ரோட்டிலிருந்து பார்த்தாலே தெரியும். அரிய என்றும் போட்டு, ஈரல் என்றும் போட்டு, தொடாதே என்றும் போட்டால் நம் ஜனம் என்ன நினைக்கும்? சும்மாவா ஈரல்னு பேர் வச்சிருப்பான் என்றுதான் நினைக்கும். கீழாநெல்லி மஞ்சக்காமாலைக்கு, ஆடாதொடை சளிக்கு, முடக்கத்தான் முடக்கு வாதத்துக்கு, அந்த வரிசையில் ஈரல் பாசி எதற்கு என்று சின்னப்பிள்ளைகூடச் சொல்லும். ஈரல் மாதிரி இருக்கிறதால அந்தப் பேருக்கா, மருந்து இல்லக்கா என்று மேடம் வாய் வலிக்கச் சொன்னது. சொல்லச் சொல்ல ஜனங்களுக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. மருந்து இல்லேன்னா எதுக்கு இந்தப் பிள்ள இத்தன தூரம் வருது? தோட்டத்தின் கீழ் டிவிசன் ஆட்கள் வந்து சுரண்டினார்கள். ஃபேக்டரி ஆட்கள் சுரண்டினார்கள். குடிக்காத வீடு எது, ஈரல் கெடாத வீடு எது. எல்லாரும் கொஞ்சம் போலத்தான் எடுத்தார்கள், வீட்டுக்கு ஒரு கைப்பிடி. கடைசியில் மேடமே பலகையைப் பிடுங்கி எறிந்தது. பிடுங்குகிறபோது தகரம் கையில் கிழித்து ரத்தம் வந்தது, அதைக்கூட அது கவனிக்கவில்லை. போகும்போது இவள் கையைப் பிடித்து, பாத்துக்கோங்கக்கா என்றது. கை ஜில்லென்று இருந்தது. அவ்வளவுதான் சொன்னது. பாத்துக்கோங்கக்கா. உனக்கென்னம்மா, பஸ் ஏறிப் போய்விடுவாய். பார்த்துக்கொள்ள எனக்கு என்னென்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா. ஒரு மனுஷனின் மூத்திரத்தின் நிறத்தைப் பார்த்துக்கொள்கிறேன், வயிறு நேற்றைக்கு இன்றைக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறேன், தூங்குகிறபோது நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். இதில் உன் பாசியையும்.

புருஷன் வெள்ளப்பாண்டி அப்படியொன்றும் மொடாக் குடிகாரன் இல்லை என்று இவள் யாரிடமும் வாதாடியதில்லை. வாதாடி என்ன. தேயிலைக்குப் பூச்சிமருந்தடிக்கிற வேலை. முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு எத்தனை வருஷம். சாயங்காலம் வந்தால் அந்த வாடை போக ஒரு மடக்கு, அப்புறம் அந்த மடக்கின் வாடை போக இன்னொரு மடக்கு. ஈரல மருந்து தின்னுச்சா சாராயம் தின்னுச்சா என்று கேட்டால், ரெண்டும் பங்கு போட்டுத் தின்னிருக்கும் என்பார். பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி வைத்து வயிற்றுத் தண்ணியை எடுத்தார்கள், வாளியில், கள்ளு நிறத்தில். எடுத்த இடத்தில் மறுபடி கோர்த்தது. மறுபடி எடுத்தார்கள். அப்புறம் அந்தச் சின்ன வயது டாக்டர், மீசைகூடச் சரியாக வராத பையன், இவளை வெளியே கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி நல்லா வச்சுப் பாத்துக்கங்கம்மா என்றார். அவரும் பாத்துக்கங்கதான். உப்பு இல்லாமல், தண்ணி அளவாக. வெள்ளப்பாண்டி அதுவரை இவளிடம் எதையும் கேட்டதே கிடையாது. வேணும் என்றால் எடுத்துக்கொள்வார், இல்லாவிட்டால் வேணாம் என்று போய்விடுவார், அப்படி ஒரு மனுஷன். இப்போது காலையில் கண் விழித்ததும் கேட்கிறார். பிள்ள, அந்த ஈரல் பாசி. கீழ் டிவிசன் ராயப்பனுக்கு நல்லாயிருச்சாம்ல. ராயப்பனுக்கு இருந்தது வெறும் மஞ்சக்காமாலை, அது தானாகவே போயிருக்கும் என்று இவளுக்குத் தெரியும். ஆனால் அந்த மஞ்சள் கண்ணு ரெண்டும் இவளை நிமிர்ந்து பார்க்கிறபோது என்னத்தைச் சொல்ல. இன்னிக்குக் கொண்டாறேன் என்பாள். சாயங்காலம் வெறுங்கையோடு போவாள். கொண்டாந்தியா? மறந்துட்டேன். அவர் திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். மறந்துட்டேன் என்றால் அவர் நம்புகிறார் என்பதுதான் தாங்க முடியவில்லை. திட்டினால் தேவலை.

கொடுத்துப் பார்த்தால்தான் என்ன. மருந்து இல்லை, சரி. விஷமும் இல்லையே. மேடத்தின் சொல்லுக்குக் காவல் காத்துக்கொண்டு கட்டின புருஷனுக்கு இல்லை என்று சொல்வதற்கு நீ யார், வனத்துறையா? ஒருவேளை. அந்த ஒருவேளைதான் அட்டை மாதிரி, எங்கே கடிக்கிறது என்றே தெரியாமல் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அட்டை என்று நினைத்ததும் குனிந்து பார்த்தாள், கணுக்காலில் நிஜமாகவே ஒன்று, நன்றாகக் குடித்துப் பருத்து. பிய்த்து எறியத் தோன்றவில்லை. குடிச்சுட்டு நீயே விழு. உனக்காவது என்னிடம் ஏதோ இருக்கிறது. எழுந்தாள். பாறைக்குப் பக்கத்தில் போய் நீட்டிய கல்லுக்குக் கீழே தலையை நுழைத்தாள். குளிர்ச்சி முகத்தில் வந்து மோதியது. வெடிப்பிலிருந்து ஒரு சொட்டு வந்து, தொங்கி, யோசித்து, விழுந்தது. அது விழுந்த இடத்தில் பச்சை லேசாக நடுங்கியது. இதைக் கொடுத்து, குடித்து, அதற்கப்புறமும் அவர் போய்விட்டால்? அப்போது கொண்டாறேன் கொண்டாறேன் என்று சொல்லக்கூட ஒன்றும் மிச்சம் இருக்காதே. நாளைக்குக் கொண்டாறேன் என்கிற அந்தப் பேச்சில்தான் அவர் நாளை வரை இழுத்துக்கொண்டு வருகிறாரோ என்னவோ. அப்படியும் ஒரு நினைப்பு. இல்லை, அதெல்லாம் சோம்பேறியின் சால்ஜாப்பு, எடு, எடுத்துத் தொலை. நகத்தை ஓரத்தில் வைத்தாள். அது பாறையை விடவில்லை. அடியில் முடி மாதிரி வேர், எத்தனையோ, அத்தனையும் கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் நகம் அப்படியே நின்றது, உள்ளேயும் போகாமல், வெளியேயும் வராமல்.

"யாரு, மைனியா?"

மேலே தேயிலைக்கு நடுவில் ஞானப்பூவின் தலை தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி. இவளைவிட இளையவள், வாய் பெரிசு, மனசு அதைவிடக் கொஞ்சம் சின்னது, ஆனால் கெட்டது இல்லை. முப்பிடாதி நகத்தை இழுத்துக்கொண்டாள். கையை என்ன செய்வது என்று தெரியாமல் முகத்தைக் கழுவுகிற மாதிரி சொட்டுத் தண்ணிக்கு ஏந்தினாள்.

"மூஞ்சி கழுவ வந்தேன்."

"ஆமா, அங்ஙன குழாய்ல தண்ணியே வரல பாரு, அதான் இவ்வளவு தூரம் இறங்கி வந்து சொட்டுச் சொட்டாக் கழுவுத." ஞானப்பூ வழுக்காமல் இறங்கி வந்தாள். இடுப்பில் எவர்சில்வர் டப்பா, அதற்குள் ஸ்பூன் கிடந்து உருண்டது.

"நீ எதுக்கு வந்த?"

"நானா? காத்து வாங்க."

"ஸ்பூன்லயா காத்து அள்ளுவ?"

ஞானப்பூ சிரித்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பை அடக்கவே வராது, சாவு வீட்டில்கூட. "போ மைனி. நீ மடியில கத்தியை வச்சுக்கிட்டு என்ன மூஞ்சி கழுவுதியாக்கும்? துணி அவுந்து தெரியுது பாரு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுக்காரர் அண்ணன் இருக்காகள்ல, தென்காசியில. அவுகளுக்கு ஈரல் வீங்கிருச்சாம். போன் மேல போன். யாரோ போட்டோ புடிச்சு அனுப்பிருக்கான், அந்தப் பலகையை. அங்ஙன எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு மைனி. ஒங்க ஊர்லதான இருக்கு, கொஞ்சம் அள்ளிக் குடுத்துவிட்டா குறைஞ்சா போயிருவீகன்னு எங்க மாமியா கிடந்து கத்துது. நாளைக்கு பஸ்ல குடுத்து விடணும்."

தென்காசி. பலகையைப் பிடுங்கி எறிந்து எத்தனை நாளாயிற்று, அது தென்காசியில் இன்னும் நட்டுக்கொண்டு நிற்கிறது.

"ரொம்ப இல்லியே மைனி," என்று ஞானப்பூ கல்லுக்கடியில் எட்டிப் பார்த்தாள். முகத்தில் நிஜமாகவே ஒரு வருத்தம். "இவ்வளவுதான் மிச்சமா? சரி, சண்டை எதுக்கு. அண்ணாச்சிக்கும் வேணும், உள்ளதச் சொல்லணும்ல. உனக்குப் பாதி, எனக்குப் பாதி. நீ முதல்ல எடு."

நியாயமான பேச்சு. இதைவிட நியாயமாக யாரும் பேச முடியாது. முப்பிடாதி பார்த்தாள். பாதி தென்காசிக்குப் பஸ் ஏறும், பாதி வீட்டில் உரலில் ஏறும். ரெண்டு ஆம்பிளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பார்கள். அப்புறம் இந்தக் கல்லுக்கடியில் வெறும் கல். சொட்டு மட்டும் வந்து, தொங்கி, யோசித்து, விழும்; விழுந்து எதையும் நடுங்க வைக்காது. எடுக்காதே என்று சொன்னால் ஞானப்பூ விடமாட்டாள்; நீ மட்டும் மொத்தமா அமுக்கலாம்னு பாக்குறியா என்பாள், அதிலும் நியாயம் இருக்கும். நியாயத்துக்கு எதிரே நிற்க இவளிடம் ஒன்றும் இல்லை. களைப்பு ஒன்றுதான் இருந்தது. அந்தக் களைப்பிலிருந்து வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எனக்கு வேணாம். நான் நேத்தே எடுத்துக் குடுத்துட்டேன்."

"நேத்தா? குடுத்தியா? என்ன செஞ்சுது?"

"ரத்தமா எடுத்தாரு."

சொல்லிவிட்டாள். சொன்னது தன் குரல்தானா என்று ஒரு கணம் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. ஞானப்பூ வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள்.

"ரத்தமாவா! யேசுவே."

"குடிச்ச கொஞ்ச நேரத்துல குடலப் பிடுங்கிட்டு. கறுப்பு ரத்தம்." நிறத்தைக்கூடச் சொல்கிறாளே, நிறுத்துடி, நிறுத்து. ஈரல் கெட்டவனுக்குக் கடைசியில் அப்படித்தான் வரும் என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரி சொல்லியிருந்தாள். அன்றையிலிருந்து ஒவ்வொரு நாளும் இவள் எதற்குப் பயந்து அவர் துப்புகிற கிண்ணத்தை எட்டிப் பார்க்கிறாளோ, அதை, மனசுக்குள்கூட முழுசாகச் சொல்லாமல் விட்டிருந்ததை, வெளியே போட்டு உடைத்தாகிவிட்டது. "தென்காசிக்கு அனுப்புறதுன்னா அனுப்பு. உம் பாடு. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஞானப்பூ குடுத்த மருந்துன்னுதான் உன் மாமியா ஒப்பாரி வைக்கும்."

"எனக்கு எதுக்கு மைனி அந்தப் பழி," என்று ஞானப்பூ டப்பாவை மூடினாள். ஸ்பூன் உள்ளே உருண்டு சத்தம் போட்டது. அப்படியென்றால் இன்றைக்குக் கத்தி எதற்கு என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. பாசியை ஒரு பார்வை பார்த்தாள், நேற்று வரை பக்கத்து வீட்டில் இருந்தவன் திருடன் என்று தெரிந்தால் பார்ப்போமே, அப்படி. "இதப் போயி மருந்துன்னானுகளே. அண்ணாச்சி இப்ப எப்பிடி இருக்காக? நீ சொல்லவே இல்லியே. இரு, நான் போயி ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்."

"வேணாம் ஞானப்பூ, தூங்குவாரு."

கேட்டால்தானே. அவள் மேலேறிக் குறுக்குப் பாதையில் ஓடியே விட்டாள். போகிற வழியில் இன்னும் நாலு பேரிடம் சொல்வாள். சொல்லட்டும், சொன்னால்தான் ஒருத்தனும் இந்தப் பக்கம் வரமாட்டான். ஆனால் நாலு பேர் வாயில் விழுந்த சொல்லு. கல்யாணமான புதிதில் மாமியார் சொல்வாள், பொம்பளைக்கு வாயில சனி இருந்தா வீட்டுல விளக்கு நிக்காது என்று. உச்சிப் பொழுதில் ஓடையோரத்தில் நின்று தாலி கட்டினவனுக்கு ரத்தம் வந்தது என்று சொன்னவளை என்ன சொல்வாள். முப்பிடாதி தரையில் மூன்று தரம் துப்பினாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போதவில்லை. வாயை ஆவென்று திறந்து அந்தச் சொட்டுக்குக் கீழே வைத்தாள். சொட்டு வர நேரமாயிற்று. வந்து நாக்கில் விழுந்ததும் கொப்பளித்துத் துப்பினாள். மறுபடி வைத்தாள். கழுத்து வலித்தது. ஒரு சொட்டுத் தண்ணியில் ஒரு சொல்லைக் கழுவ முடியுமா. ஒரு பாசிக்காக. யாரோ ஒரு பெண் ஜில்லென்ற கையால் பிடித்ததற்காக. இல்லை, அதற்காகவும் இல்லை. எதற்காக என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. எல்லாரும் சாகப் போகிறதை என்னிடம் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொள் பார்த்துக்கொள் என்கிறார்கள், ஒன்றாவது நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது சாகாமல் இருக்கட்டுமே என்று ஒரு வீம்பு, அவ்வளவுதான் இருக்கும். கத்தியைத் துணியில் சுற்றினாள். இப்போது வீட்டுக்குப் போயாக வேண்டும். ஞானப்பூ அங்கே அவரிடம் கேட்பாள். அவர் என்ன, பாசியா, நான் எங்கே குடிச்சேன், இவ மறந்துட்டேன்னுல்ல சொன்னா என்பார். பொய் வெளுக்கும். ஞானப்பூ டப்பாவோடு திரும்பி வருவாள், இந்தத் தடவை ஊரையே கூட்டிக்கொண்டு. அதைவிட மோசம், அவருக்கும் தெரிந்துவிடும். மறக்கவில்லை, கொடுக்க மனசில்லாமல்தான் இருந்திருக்கிறாள் என்று. அந்தக் கண்ணை எப்படிப் பார்ப்பது. ஓடலாம் என்றால் முட்டி. தேயிலைத் தூரைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். ஒவ்வொரு தூரிலும் நின்று, இங்கேயே உட்கார்ந்துவிட்டால் என்ன என்று கேட்டுக்கொண்டு, பதில் வருமுன்னே அடுத்த தூரைப் பிடித்துக்கொண்டு.

லைன் வீட்டு வாசலில் வெயிலில் சாக்கை விரித்து அவரை உட்கார வைத்துவிட்டுத்தான் காலையில் போயிருந்தாள். அப்படியேதான் இருந்தார், சுவரில் சாய்ந்து, வயிற்றை மடியில் இன்னொருத்தர் பொருளை வைத்திருக்கிறவர் மாதிரி வைத்துக்கொண்டு. ஞானப்பூ எதிரே குத்தவைத்திருந்தாள். பின்னால் இன்னும் ரெண்டு மூன்று பெண்கள், சோற்றுக் கையோடு வந்தவர்கள். முப்பிடாதி வேலி மூலையைத் திரும்பும்போது ஞானப்பூவின் குரல்தான் முதலில் கேட்டது.

"அண்ணாச்சி, அந்தப் பாசியக் குடிச்சு ரத்தமா எடுத்தீகளாமே? மைனி சொன்னா. இப்பத் தேவலையா?"

வெள்ளப்பாண்டி புரியாமல் அவளைப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்கு மேலே, மூச்சு வாங்கிக்கொண்டு வேலிக் கம்பைப் பிடித்து நின்ற முப்பிடாதியைப் பார்த்தார். முதலில் முகத்தை இல்லை, கையைத்தான். கை வெறுங்கை. நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் மண். அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தார். ஒரு கை எதையெல்லாம் கொண்டு வரவில்லை என்று அதில் படித்துக்கொண்டிருக்கிறவர் போல. முப்பிடாதிக்குக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒளிக்கவில்லை, அதற்குக்கூடத் தெம்பில்லை, பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டாள். அப்புறம் அவர் கண் மெல்ல ஏறி இவள் முகத்துக்கு வந்தது. அந்த மஞ்சளுக்குள் கோபம் இருக்கிறதா என்று தேடினாள். என்னவோ இருந்தது, கோபம் இல்லை. கடைசி பஸ் போய்விட்டது, இனி நடக்க வேண்டியதுதான் என்று துண்டை உதறித் தோளில் போடுகிறவன் முகத்தில் இருக்குமே, அது.

"ஆமாம்மா," என்றார் ஞானப்பூவிடம். "எடுத்தேன்."

"நிஜமாத்தானா?"

"பின்ன? உசுரு போயித் திரும்புச்சு. ஒருத்தரும் அதத் தொடாதீக. எம் பகையாளிக்கும் வேணாம்." பேசிய களைப்பில் கொஞ்சம் நிறுத்தி மூச்சு விட்டார். பெண்கள் நெருங்கி வந்தார்கள்.

"எவ்வளவு ரத்தம் இருக்கும் அண்ணாச்சி?"

"இருக்கும், ஒரு டம்ளர்."

"சின்ன டம்ளரா, பெரிய டம்ளரா?"

அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டுமா இந்த ஞானப்பூவுக்கு. வெள்ளப்பாண்டி யோசித்தார். வறண்ட உதட்டோரத்தில் ஒன்று நெளிந்தது, பார்த்து எத்தனையோ மாசமாகிப்போன ஒன்று.

"அவளக் கேளு. அவதான ஏந்திப் பிடிச்சா."

எல்லாத் தலையும் திரும்பியது. முப்பிடாதி வேலிக் கம்பை விட்டுவிட்டு உள்ளே வந்தாள். அவர் பக்கத்தில் சாக்கின் ஓரத்தில், முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி உட்கார்ந்தாள்.

"பெரிய டம்ளர்தான்," என்றாள்.